கொடிவழி வரைபடங்கள்: ஒரு திறனாய்வு

முன்னுரை

அரச குடிகளின் வரலாற்றை எழுதுவோர் தம் நூலின் தொடக்கத்திலோ இறுதியிலோ கொடிவழி வரைபடம் ஒன்றனைச் சேர்த்தல் நெடுநாள் வழக்கமாகும். இலக்கிய வரலாற்று நூல்களிலும், சங்க நூற் பதிப்புகளின் முன்னுரைகளிலும், பட்டம் பெறுதற்கு எழுதப்பெறும் ஆய்வேடுகளிலும் இவ் வழக்கம் பரவியுள்ளது. பல பக்கங்களில் விரியும் செய்தியை ஒரே பார்வையிற் காட்டும் ஆற்றல் வரைபடத்திற்கு உண்டு. அதனாலேயே மாணவர் அதனைப் பெரிதும் நம்புகின்றனர். நூலாசிரியர் உரைநடையில் 'இருக்கலாம்' என்றும், 'எனக் கருத இடமுண்டு' என்றும் அடக்கத்தோடு கூறியவை, வரைபடத்துட் புகுந்ததும் நேர்கோடுகளாகி விடுகின்றன. கோட்டிற்கு ஐயமென்பது இல்லை.

முதுகலை வகுப்பிற் கலிங்கத்துப்பரணியைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். அவர் கையிலிருந்த நூலின் வரைபடத்தில் விசயாலயன் முதல் அதிராசேந்திரன் வரை கோடு தொடர்ந்து வந்து, அங்கே அறுந்து நின்றது. அதன்கீழ்ச் 'சாளுக்கிய சோழர்' என்னும் புதுத் தலைப்பின்கண் முதற் குலோத்துங்கன் பெயர் தனியே காணப்பட்டது. "சோழர் குடியோடு கோடே இல்லாத ஒருவனைச் சயங்கொண்டார் சோழர் குடியின் விளக்காகப் பாடியது புனைந்துரையோ?" என்பது அவர் வினா. பிழை புலவரிடத்தில் இல்லை. வரைபடத்தினிடத்தில் உள்ளது என்பதே என் விடையாயிற்று. அவ் விடையை விரித்துக் காட்டுவதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு கோடும் மூன்று பொருளும்

வழக்கமான வரைபடத்தில் தந்தை பெயரிலிருந்து மகன் பெயருக்கு ஒரு செங்குத்துக் கோடு இறங்கும். அக் கோடு குறிப்பது யாது என்று வினவின், ஒன்றன்று, மூன்று பொருள்கள் அதனுள் ஒடுங்கியிருத்தல் புலனாகும். இவனுக்கு இவன் பிறந்தான் என்பது ஒன்று. இவனுக்குப்பின் இவன் அரசு கட்டில் ஏறினான் என்பது மற்றொன்று. இவன் உரிமை இவனைச் சேர்ந்தது என்பது பிறிதொன்று. பிறப்பு, பட்டம், தாயம் ஆகிய இம் மூன்றும் எக் காலத்தும் ஒன்றாய் நிற்பன அல்ல.

முதற் பராந்தகனுக்குப் பின்வந்த நிலையை நோக்குக. அவன் மக்களுள் மூத்தவனாகிய இராசாதித்தன் 949ஆம் ஆண்டுத் தக்கோலப் போரில் வீழ்ந்தான். கண்டராதித்தனும், பின் அவன் தம்பி அரிஞ்சயனும், அவனுக்குப்பின் அவன் மகன் சுந்தர சோழனும் ஆண்டனர். அதன்பின் ஆட்சி சுந்தர சோழன் மகனுக்குச் செல்லாது, கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த உத்தம சோழனுக்குச் சென்று, 985ஆம் ஆண்டில் மீண்டும் சுந்தர சோழன் மகனாகிய முதல் இராசராசனை அடைந்தது. பிறப்பின் கோடும் பட்டத்தின் கோடும் இங்கே வேறு வேறு வழியிற் செல்கின்றன. ஒரே வகைக் கோட்டினால் இரண்டையும் காட்ட முயல்வோர் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தவராவர்.

பதிற்றுப்பத்துப் பதிகங்கள்

இக் குழப்பம் மிக்குத் தோன்றுமிடம் சேரர் கொடிவழியாகும். பதிற்றுப்பத்தினை உ. வே. சாமிநாதையரவர்கள் 1904ஆம் ஆண்டிற் பதிப்பித்தார்கள். முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. எஞ்சிய எட்டுப் பத்துகளின் பதிகங்களே சேரர் கொடிவழிக்குத் தலைமையான சான்றாக நிற்பன. அப் பதிகங்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று விளங்கும்: பெரும்பான்மையும் அவை பாட்டுடைத் தலைவனின் தந்தையை மட்டும் கூறி அமையாமல், தாயையும் அவள் பிறந்த குடியையும் உடன் கூறுகின்றன.

இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனின் தாய் வெளியன் வேண்மாள் நல்லினி. இளஞ்சேரல் இரும்பொறையின் தாய் மையூர் கிழானின் குடியினள். களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரலும், ஆடுகோட்பாட்டுச் சேரலாதனும், பொறையர் கிளையைச் சேர்ந்த பெருஞ்சேரல் இரும்பொறையும் ஆகிய மூவர்க்கும் தாய்க்குடி வேளாவிக் கோமானின் குடியே என்று பதிகங்கள் கூறுகின்றன. நம் நூல்களின் வரைபடங்களிலோ உதியன் வழி ஒருபுறமும் அந்துவன் வழி மறுபுறமும் இரு தூண்களைப்போல நிற்கின்றன. இரண்டற்கும் இடையே வெற்றிடமே உள்ளது. பதிகம் பாடியோர் அவ் விடத்தை வெறுமையாக விட்டிலர். இரு கிளையினரும் ஒரு குடியிற் பெண்கொண்டவர் என்பதை வெளிப்படையாகவே கூறியுள்ளனர். அம் மகளிர் உடன்பிறந்தாரோ, தலைமுறையால் வேறுபட்டவரோ என்பது ஆராய்தற்குரியது. ஆயின் அவர் பெயரையே வரைபடத்தினின்று நீக்கிய பின்னர் அவ் வினா எழுவதற்கே இடமில்லாது போகின்றது. பாட்டு மறவாத தாயரைப் படம் மறந்துவிட்டது எனலாம்.

செங்குட்டுவனைப் பற்றிய ஐந்தாம் பதிகத்தில் வரும் மணக்கிள்ளி என்னும் பெயர் சோழ வேந்தனுடையதோ, அவன் மகளுடையதோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் தரும் நற்சோணை என்னும் பெயரையும் இதனோடு பொருத்துதல் வேண்டும். இவ்வளவு சிக்கலையும் கட்டுரையில் எடுத்துக் கூறும் ஆசிரியரே, வரைபடத்தில் இரு பெயர்களுள் ஒன்றை எழுதி முடித்துவிடுதல் உண்டு. அன்றி இரண்டையும் விட்டுவிடுதலும் உண்டு. இரண்டும் முறையன்று.

இனி, தாயமுறை பற்றிய வழக்கு ஒன்றுண்டு. நாவலர் சோமசுந்தர பாரதியார் 'சேரர் தாயமுறை' என்னும் தம் நூலிற் சேரர் மருமக்கட்டாயத்தினர் என்று வாதிட்டார். மக்கட்டாயமே சேரர்க்கும் உரியது என்பார் அதனை மறுத்தனர். இவ் வழக்கில் யார் பக்கம் வலியது என்பது ஈண்டு நம் ஆராய்ச்சியன்று. தந்தையிலிருந்து மகனுக்கு இறங்கும் ஒற்றைக் கோட்டை வரைந்த அளவிலேயே, வரைந்தவர் தாம் அறியாமலே ஒரு பக்கத்திற்குத் தீர்ப்புக் கூறியவராகின்றார் என்பதே நாம் கருதத்தக்கது. பதிகம் 'மகன்' எனப் பிறப்பைக் கூறுகின்றது. கோடோ பிறப்போடு தாயத்தையும் சேர்த்துக் கூறிவிடுகின்றது.

பட்டத்தைக் குறித்தும் இதுவே நிலை. பதிகங்கள் தரும் ஆட்சி ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்கலாம். இமயவரம்பன் 58, அவன் தம்பி பல்யானைச் செல்கெழு குட்டுவன் 25, நார்முடிச் சேரல் 25, செங்குட்டுவன் 55, ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் 38 எனக் கூட்ட 201 ஆண்டுகள் வருகின்றன. பின்னைய மூவரும் இமயவரம்பன் மக்களாகக் கொள்ளப்படுவதால், இவ் ஐவரும் இரண்டு தலைமுறைக்குள் அடங்குவர். இரண்டு தலைமுறையினர் 201 ஆண்டுகள் ஒருவர்பின் ஒருவராய் ஆளுதல் இயலாது. ஆதலின் இவருட் சிலர் ஒரே காலத்தில் வெவ்வேறிடங்களில் ஆண்டனராதல் வேண்டும். அன்றேல் அவ் ஆண்டுத் தொகைகள் வேறு பொருளுடையனவாதல் வேண்டும். மேலிருந்து கீழாகப் பெயர்களை அடுக்கிய வரைபடம் இத் தடையை மாணவர் கண்ணிற் படாமலே செய்துவிடுகின்றது. கே. என். சிவராசபிள்ளையவர்கள் 1932ஆம் ஆண்டு வெளியிட்ட பண்டைத் தமிழர் காலவரையறை பற்றிய ஆங்கில நூலிற் பல குடிகளின் தலைமுறைகளை ஒன்றற்கொன்று எதிராக நிறுத்திக் காட்ட முயன்றார்கள். அவர்தம் முடிபுகளை ஏலாதாரும், ஒரே காலத்தாரை ஒரே வரிசையில் நிறுத்தும் அம் முறையின் பயனை மறுக்க இயலாது.

சோழரும் கீழைச் சாளுக்கியரும்

மாணவரின் வினாவிற்கு விடை பகர்தற்குச் சோழர் மணவுறவுகளை வரிசைப்படுத்துதல் வேண்டும். முதல் இராசராசனின் மகள் குந்தவையைக் கீழைச் சாளுக்கிய வேந்தன் விமலாதித்தன் மணந்தான். அவர்தம் மகன் இராசராச நரேந்திரன். இவன் குந்தவையின் உடன்பிறந்தானாகிய முதல் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்தம் மகனே 1070ஆம் ஆண்டிற் சோழ அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன். அவனும் தன் தாய் அம்மங்கதேவியின் உடன்பிறந்தானாகிய இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். குலோத்துங்கனின் மக்களுள் ஒருவனான வீரசோடனின் செல்லூர்ச் செப்பேடு இவ் உறவுகளை முறையே எடுத்துரைக்கின்றது.

அடுத்தடுத்த இரு தலைமுறைகளில் மாமன் மகளை மணக்கும் முறை இங்கே நிகழ்ந்துள்ளது. இதனைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை. நம் ஊர்களில் இன்றும் காணும் உரிமை மணமே இது. ஆயின் கிளைவிட்டுப் பிரிந்துகொண்டே செல்லும் மரத்தின் வடிவில் இதனை வரைய முயன்றால் மரம் இடங்கொடாது. பிரிந்த கிளை மீண்டும் அடிமரத்தில் வந்து கூடுதல் வேண்டும். மரத்திற்கு அவ்வியல்பு இல்லை. அதனால் வரைவோர் இரண்டனுள் ஒன்றைச் செய்கின்றனர். பெண்வழிக் கோட்டை அறுத்துக் குலோத்துங்கனைப் புதுக் குடியின் முதல்வனாக்குகின்றனர். அன்றி ஒரே ஆளின் பெயரை இரண்டு மூன்றிடங்களில் எழுதி, அவர் வேறு வேறு ஆட்கள் போலத் தோன்றச் செய்கின்றனர்.

பின்னைய குறையை மேலைநாட்டாரின் முன்னோர் எண்முறை தெளிவாகக் காட்டும். 1590ஆம் ஆண்டில் ஐட்சிங்கர் என்பாரும் 1676ஆம் ஆண்டிற் சோசா என்பாரும் கையாண்ட அம் முறையில், ஒருவனுக்கு 1 என எண் கொடுத்தால் அவன் தந்தைக்கு 2, தாய்க்கு 3 ஆகும். எவரது எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தையின் எண். அதனோடு ஒன்று கூட்டினால் தாயின் எண். குலோத்துங்கனுக்கும் மதுராந்தகிக்கும் பிறந்த மகன் ஒருவனை 1 எனக் கொள்வோம். குலோத்துங்கன் 2, மதுராந்தகி 3, நரேந்திரன் 4, அம்மங்கதேவி 5, இரண்டாம் இராசேந்திரன் 6, குந்தவை 9 ஆவர். அம்மங்கதேவியின் தந்தை என்னும் முறையில் முதல் இராசேந்திரன் 10. இரண்டாம் இராசேந்திரனின் தந்தை என்னும் முறையில் அவனே 12. குந்தவையின் தந்தையாக முதல் இராசராசன் 18. முதல் இராசேந்திரனின் தந்தையாக அவனே 20, மறுபடியும் 24. முதல் இராசேந்திரனின் தாயும் 21, 25 என இரு எண் பெறுவாள். 16 முதல் 31 வரையுள்ள 16 இடங்களில் மூன்று இடங்களை ஒருவனே நிரப்புகின்றான். மற்றிரண்டை ஒருத்தியே நிரப்புகின்றாள். ஆகவே 16 முன்னோர் என்று தோன்றுமிடத்தில் மிகுதியாகக் கொண்டாலும் 13 பேரே உளர்.

எண்முறை இதனைக் குறையாகக் கருதும். தமிழ் முறை கருதுமோ? அம் மகனின் உடலில் இராசராசனின் குருதி மூன்று வழியாக வந்து கூடியது என்பதன்றோ இதன் பொருள்! இருகுலமும் ஒன்றிய பிறப்பாகக் குலோத்துங்கனைச் சயங்கொண்டார் காட்டுவது வெறும் முகமன் அன்று. கலிங்கத்துப்பரணியின் இராச பாரம்பரியப் பகுதி, நாரதர் உரைத்த சோழர் குடிவரலாற்றைக் கரிகாலன் மேருவில் எழுதுவித்தான் என்னும் கதையிற் பொருத்தப்பட்டு, குலோத்துங்கனை அவ் வரிசையின் முடிவாக நிறுத்துகின்றது. அதனை அடுத்து வரும் அவதாரப் பகுதி அவன் தாய்வழியைச் சிறப்பிக்கின்றது. மேருவில் எழுதியது புனைவேயாயினும், புலவர் அங்கே அறுக்காத கோட்டை வரலாற்றாசிரியர் தாளில் அறுத்துவிட்டனர். 'சாளுக்கிய சோழர்' என்னும் பெயரும் தந்தைவழிக் கோடு ஒன்றனையே கோடாக மதித்ததன் விளைவாகும்.

ஒரு நேர்மையான மறுப்பினையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். செப்பேடுகளும் மெய்க்கீர்த்திகளும் உலாக்களும் கூறும் வழிமுறை பெரும்பாலும் ஆண்வழிப் பட்டியலேயன்றோ எனலாம். உண்மையே. திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் கதிரவன் முதலாக வரும் நெடுவரிசை அரசர் வரிசையே. ஆயின் அவை அரசின் பெருமையை நிலைநாட்ட எழுந்தவை. அவற்றின் நோக்கத்தை நாம் அறிவோம். ஆய்வாளனின் வரைபடம் அந் நோக்கத்தையே தன் நோக்கமாகக் கொள்ளுதற்கு யாதொரு காரணமும் இல்லை.

மரமும் கொடியும்

நம் மொழியில் இப்பொருளுக்கு வழங்கும் சொற்கள் கருதத்தக்கன. குடிவழி, கால்வழி, கொடிவழி, மரபு என்பன தலைமுறைத் தொடர்ச்சியைக் குறிப்பன. கிளை, கேள், சுற்றம் என்பன ஒருவனைச் சூழ்ந்த உறவினரைக் குறிப்பன. கிளை என்னும் சொல் மரத்தின் உறுப்பையும் சுட்டுமாதலின், மர உருவகம் தமிழுக்கு முற்றிலும் அயல் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் பழைய வழக்கிற் கிளை என்பது உடனிருக்கும் சுற்றத்தையே பெரிதும் குறித்தது. வழிவழி இறங்கும் தலைமுறைக்குக் கொடியென்னும் உருவகமே நிலைத்தது. கொடி, பிரிந்த இழை மீண்டும் தழுவிப் பின்னும் இயல்பினது. திருமண வாழ்த்தில் ஆலமரம் இடம்பெறுவதும் நோக்கத்தக்கது. விழுது மீண்டும் நிலத்தையடைந்து அம் மரத்தையே தாங்கும்.

உறவுமுறைச் சொற்கள் இதனை மேலும் வலியுறுத்தும். மருமகன் என்னும் சொல் உடன்பிறந்தாளின் மகனையும் மகளின் கணவனையும் ஒருங்கே குறிக்கும். மாமன் என்பது தாயுடன் பிறந்தானையும் மனைவியின் தந்தையையும் குறிக்கும். நரேந்திரன் முதல் இராசேந்திரனுக்கு இரு பொருளிலும் மருமகன். குலோத்துங்கன் இரண்டாம் இராசேந்திரனுக்கு இரு பொருளிலும் மருமகன். ஆங்கிலத்தில் இரு சொற்களாகப் பிரிந்து நிற்பதும், மர வடிவப் படத்தில் இரு வேறு மூலைகளிற் கிடப்பதும், தமிழில் ஒரே சொல்லில் அமைந்துள்ளன. 1871ஆம் ஆண்டு வெளிவந்த பெருநூலில் மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர் தமிழ் உறவுப் பெயர்களைத் தொகுத்து ஆராய்ந்தார். பிரமலைக் கள்ளரிடையே ஆய்வு நிகழ்த்திய பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், கொண்டு கொடுக்கும் உறவும் குருதியுறவைப்போலவே தலைமுறைதோறும் வழிவழி வருவது என்று 1950களில் விளக்கினார். பங்காளி, மாமன் மைத்துனன் என்னும் பாகுபாட்டில் வளர்ந்த நமக்கு இது புதிதன்று. நம் வரைபடங்களுக்கே புதிது.

ரிவர்சு காட்டிய வழி

கொடிவழியைத் தொகுப்பதை ஓர் ஆய்வு முறையாகவே ஆக்கியவர் ரிவர்சு ஆவர். 1898ஆம் ஆண்டு டோரசு நீரிணைப் பகுதிக்குச் சென்ற கேம்பிரிட்சு ஆய்வுக் குழுவில் அவர் இம் முறையைக் கண்டார். பின்னர் நீலகிரித் தோடரிடையே கையாண்டு, 1906ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் இறுதியில் அவர்தம் கொடிவழிகளைப் பட்டியல்களாகத் தந்தார். தந்தை, தாய், மகவு, கணவன், மனைவி என்னும் மிகச் சில சொற்களை மட்டுமே கொண்டு வினவுதல் அவர் முறை. மற்ற உறவுப் பெயர்கள் யாவும் பட்டியலிலிருந்து பின்னர்ப் பெறப்படும். தொகுப்போன் தன் கருத்தைத் தொகுப்பினுட் புகுத்தாதிருத்தற்கு இது சிறந்த காவலாகும்.

ஆயினும் தோடரிடையே அச் சில சொற்களும் எளியனவாய் அமைந்தில. உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கம் அவர்பால் இருந்தது. கருவுற்ற பெண்ணுக்கு வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கினைச் செய்தவனே பிறக்கும் குழந்தைக்குத் தந்தையாவான். மற்றொருவன் அச் சடங்கினைச் செய்யும் வரையிற் பின்வரும் குழந்தைகளுக்கும் அவனே தந்தை. ஆகவே ரிவர்சின் பட்டியலில் தந்தையையும் மகனையும் இணைப்பது வில்லே எனலாம். அவர் அதனை நூலில் விளக்கியமையால் படிப்போர் மயங்குவதில்லை. கோடு எப்பொருளதாயினும் ஆகுக. அப்பொருள் இன்னதென்று கூறப்படுதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

வரைவார்க்குச் சில நெறிகள்

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் வரைபடம் அமைப்பார் கொள்ளத்தக்க நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, பிறப்பு, மணம், பட்டம் ஆகிய மூன்றற்கும் மூவேறு குறிகள் வேண்டும். பிறப்பிற்கு ஒற்றைக் கோடும் மணத்திற்கு இரட்டைக் கோடும் கொள்ளலாம். பட்டத்தைக் கோட்டினாற் காட்டாது, பெயரின் பக்கத்தில் வரிசையெண்ணாக எழுதுதல் நன்று. அவ்வாறு எழுதின், பராந்தகன் மக்களிடையே ஆட்சி மாறிச் சென்றமை எண்ணாலும், அவர் பிறப்பு கோட்டாலும் தனித்தனியே விளங்கும்.

இரண்டாவது, மகவின் கோடு தந்தை பெயரிலிருந்து இறங்காமல், தந்தையையும் தாயையும் இணைக்கும் மணக்கோட்டிலிருந்து இறங்குதல் வேண்டும். தாய் பெயர் தெரியாவிடின் அவ்விடத்தில் வெறுங்கட்டம் ஒன்று இருத்தல் வேண்டும். அக் கட்டம் ஆராய்ச்சியை அழைக்கும். இல்லாத கட்டம் அழைக்காது.

மூன்றாவது, ஒருவர் பெயர் ஓரிடத்திலேயே வருதல் வேண்டும். கோடுகள் வளைந்தும் குறுக்கிட்டும் சென்றாலும் அவரிடமே வந்து சேர்தல் வேண்டும். கணினியிற் குடிவழிச் செய்தியைச் சேமிக்க 1984ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஜெட்காம் என்னும் அமைப்பில் ஆளுக்கு ஒரு பதிவும், குடும்பத்திற்குத் தனிப் பதிவும் உண்டு. சேமிப்பில் ஒருவனாக இருப்பவனே, மரமாக வரையும்போது பலவிடத்துத் தோன்றுகின்றான். பிற்கால மானிடவியலாருட் சிலர் திருமணத்தைப் புள்ளியாகவும் ஆளைக் கோடாகவும் வரைந்து இத் தொல்லையைத் தவிர்த்தனர். கொடியின் கணுவும் இழையும் போன்ற அவ்வமைப்பு நம் மணமுறைக்கு மிகவும் ஏற்றது.

நான்காவது, ஐயத்திற்கு இடமுள்ள உறவினைப் புள்ளிக் கோட்டாற் காட்டுதல் வேண்டும். கருத்து வேறுபாடு பெரிதாயின், சேரர் தாயமுறை வழக்கிற்போல, இரண்டு வரைபடங்களை அருகருகே தருதலே நேர்மையாகும்.

ஐந்தாவது, ஒவ்வொரு கோட்டிற்கும் சான்று குறித்தல் வேண்டும். பதிகத்தாற் பெறப்படுவதும் செப்பேட்டாற் பெறப்படுவதும் உரையாசிரியர் கூற்றாற் பெறப்படுவதும் ஒரே வலிமை உடையன அல்ல. உரைநடையின் ஒவ்வொரு செய்திக்கும் அடிக்குறிப்புக் கேட்கும் நாம், கோட்டிற்கு மட்டும் கேளாது விடுதல் வியப்பேயாகும்.

முடிவுரை

இந் நெறிகளைப் பின்பற்றினால் வரைபடம் பார்வைக்குச் சற்றே சிக்கலாகும். பக்கத்தின் அகலமும் போதாது போகும். உண்மையே சிக்கலாயிருக்கும்போது படம் மட்டும் எளிதாயிருத்தல் பெருமையன்று. கொடிவழி வரைபடம் நூலுக்கு அணியாகச் சேர்க்கப்படும் ஓவியம் அன்று. கோடுகளால் எழுதப்பட்ட ஆராய்ச்சி முடிபு. மற்றை முடிபுகளைப் போலவே அதுவும் வினாவப்படுதற்கும் மறுக்கப்படுதற்கும் உரியது. பதிகம் பாடியோர் தாயின் பெயரையும் அவள் குடியையும் காரணமின்றிக் கூறவில்லை. சயங்கொண்டார் அம்மங்கதேவியைக் காரணமின்றிப் போற்றவில்லை. அவர்கள் சொல்லிற் காத்ததை நாம் கோட்டில் இழத்தல் கூடாது.

வினா எழுப்பிய மாணவரை, மேற்கூறிய நெறிப்படி சோழர் கொடிவழியைக் கரும்பலகையில் வரையுமாறு பணித்தேன். இராசராசன் பெயர் ஒருமுறையே எழுதப்பட்டது. அதனின்று கீழிறங்கிய மூன்று வழிகள் குலோத்துங்கனும் மதுராந்தகியும் நின்ற இடத்தில் வந்து கூடின. 'சாளுக்கிய சோழர்' என்னும் தலைப்பை எழுதுதற்கு அப் படத்தில் இடமே இருக்கவில்லை.